இணையவழி முதுகலை: இந்த விலையை வைத்தது யார்?

"சித்தி, எய்டு ஆஃபர் வந்திருச்சு. கொஞ்சம் உட்கார்ந்து பாருங்களேன்."

டாலஸுக்கு வடக்கே, பிளானோவில் என் அக்கா வீட்டு அடுக்களை. இரவு பத்தரை மணி. அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் மகள் மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தாள். பக்கத்தில் கோடு போட்ட மஞ்சள் நோட்டு, ஏடு படர்ந்துபோன காபி. அவளுக்கு 27 வயது. மருத்துவமனையில் நோயாளிகளைப் பதிவு செய்யும் கவுன்ட்டரில் வேலை. காப்பீடு இல்லாமல் வந்து நிற்பவர்களையும், பெற்றவரை வீட்டுக்குக் கூட்டிப்போவதா முதியோர் இல்லத்துக்கு அனுப்புவதா என்று தெரியாமல் தவிக்கும் பிள்ளைகளையும் தினமும் பார்க்கிறாள். அவர்களுக்கு வழிசொல்லும் சமூகப்பணியாளராகத் தானும் ஆக வேண்டும் என்பது அவளுடைய மூன்று வருட ஆசை. அதற்கு எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணி முதுகலைப் பட்டம் வேண்டும். வேலையை விட முடியாது. அதனால் இணையவழி.

திரையில் பல்கலைக்கழகத்தின் முத்திரைக்குக் கீழே ‘உங்கள் நிதியுதவி’ என்று கொட்டை எழுத்தில் ஒரு தலைப்பு. அதன்கீழ் ஒரே ஒரு வரி. ஆண்டுக்கு 13,600 சொச்சம் டாலர். அந்த வரியின் கடைசியில் சின்ன எழுத்தில்: கடன்.

"உதவின்னு போட்டிருக்காங்க. உள்ளே போனா கடன் மட்டும்தான் இருக்கு" என்றாள்.

அமெரிக்காவில் முதுகலைக்குப் போகிற பெரும்பாலோர் முதலில் இடறும் இடம் இதுதான். ஏழை மாணவர்களுக்கு மத்திய அரசு தரும் பெல் உதவித்தொகை, திருப்பித் தர வேண்டாத பணம், அது இளங்கலைக்குத்தான். படிக்கிற காலத்து வட்டியை அரசே கட்டும் சலுகைக் கடன் முதுகலை மாணவர்களுக்கும் ஒரு காலத்தில் கிடைத்தது. 2012 ஜூலையோடு அதை நிறுத்திவிட்டார்கள். ஆசிரியர் பணிக்குப் படிப்பவர்களுக்கு ஆண்டுக்கு 4,000 டாலர் வரை டீச் என்ற உதவித்தொகை உண்டு. நான்காண்டு குறிப்பிட்ட பள்ளிகளில் வேலை செய்யாவிட்டால் அதுவும் கடனாக மாறிவிடும். மற்றவர்களுக்கு மத்திய அரசின் ‘உதவி’ என்றால் பெரும்பாலும் பணம் வந்த நாளிலிருந்தே வட்டி ஏறும் கடன்தான்.

அதற்கான விண்ணப்பத்தின் பெயர் ஃபாஃப்சா. ‘இலவசம்’ என்ற சொல் அதன் பெயரிலேயே இருக்கிறது. நிரப்பித் தருகிறோம் என்று யாராவது காசு கேட்டால் எழுந்து வந்துவிடலாம். பயப்படும் அளவுக்கு அது நீளமும் இல்லை. முதுகலை மாணவர் எத்தனை வயதானாலும், பெற்றோர் வீட்டிலேயே இருந்தாலும், தனி ஆளாகத்தான் கணக்கு. வருமான விவரத்தை வரித்துறையிடமிருந்தே எடுத்துக்கொள்ளச் சம்மதம் கொடுத்தால் போதும்.

"நம்ம சம்பளத்தைக் கேட்கவே இல்லையா கண்ணு?" என்று குழாயை மூடாமலே கேட்டாள் அக்கா.

"இல்லம்மா. நான் இப்போ தனி ஆள்."

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. இந்த வீட்டில் அந்த விண்ணப்பத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

மஞ்சள் நோட்டில் அவள் எழுதி வைத்திருந்த கணக்கு இது. படிப்பு மூன்றாண்டு. மொத்தக் கட்டணம் 66,000 டாலர், ஆண்டுக்கு 22,000. முதுகலை மாணவருக்கு மத்தியக் கடன் உச்சவரம்பு ஆண்டுக்கு 20,500. ஆனால் புதிய சட்டப்படி, முழுநேரம் படிக்காதவருக்கு அந்த வரம்பையும் அதே விகிதத்தில் குறைக்க வேண்டும். இவள் சேரும் படிப்பில் ஒரு பருவத்துக்கு 9 கிரெடிட் எடுத்தால் முழுநேரம். வேலைக்கும் போகிறவளால் 6 தான் முடியும். 20,500-ல் மூன்றில் இரண்டு பங்கு: 13,667. பகுதிநேரமாகப் படிப்பவர்கள் யார்? பெரும்பாலும் வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள், குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு ராத்திரி பத்து மணிக்குப் பாடத்தைத் திறப்பவர்கள். இணையவழிக் கல்வி யாருக்காக வந்தது என்று சொல்கிறார்களோ அவர்கள் மேல்தான் இந்த விதி முதலில் விழுகிறது.

"மிச்சத்துக்கு பிரைவேட் லோன் எடுக்கலாம்னு காலேஜ்ல சொல்றாங்க சித்தி."

"அது இருக்கட்டும். முதல்ல இந்த 66,000 எதுக்குன்னு கேட்டியா?"

கேட்டதில்லை. யாரும் கேட்பதில்லை. கட்டணம் என்பது மழை, வெயில் மாதிரி தானாக வருவது என்று நினைத்துக்கொண்டு, கடன் கிடைக்குமா கிடைக்காதா என்று மட்டும் நாம் தேடுகிறோம். இந்த விலைக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் கையெழுத்துப் போடக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

ஒரே சட்டம், இரண்டு கதவுகள்

தபால்வழிப் பள்ளிகள் சில, அரசுக் கடன் பணத்துக்காகவே ஆள் பிடித்த காலம் ஒன்று அமெரிக்காவில் இருந்தது. அதைத் தடுக்க 1992-ல் நாடாளுமன்றம் ஒரு வேலி போட்டது: பாதிக்கு மேல் தபால்வழியில் நடத்தும் கல்வி நிறுவனத்தின் மாணவர்களுக்கு மத்திய நிதியுதவி கிடையாது. மாணவரைச் சேர்த்துவிடுபவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் கொடுப்பதற்கும் அப்போதே தடை வந்தது. பின்னால் வந்த இணையவழிப் படிப்புகளுக்கும் அந்த ஐம்பது சதவீத வேலி குறுக்கே நின்றது.

2006 பிப்ரவரி 8-ம் தேதி ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட பற்றாக்குறைக் குறைப்புச் சட்டத்துக்குள் உயர்கல்விக்கென்று ஒரு பகுதி இருந்தது. அது இரண்டு காரியங்களைச் செய்தது. இணையவழிக் கல்விக்கு அந்த வேலியை நீக்கியது. கூடவே, கிராட் பிளஸ் என்ற புதிய கடனைக் கொண்டுவந்தது. இரண்டும் 2006 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தன.

கிராட் பிளஸ் என்ன செய்தது என்பதை நம் ஊர் வங்கி மேனேஜரிடம் சொன்னால் நம்ப மாட்டார். பல்கலைக்கழகம் ‘படிப்புச் செலவு இவ்வளவு’ என்று எந்தத் தொகையைச் சொன்னாலும், மற்ற உதவிகள் போக மிச்சம் முழுவதையும் அரசு கடனாகக் கொடுத்துவிடும். கடன் வரலாற்றில் பெரிய கறை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சம்பளம் எவ்வளவு, படித்து முடித்தால் எவ்வளவு வரும், திருப்பிக் கட்ட முடியுமா என்று கேட்க மாட்டார்கள். விலையை வைப்பவர் ஒருவர், பணம் கொடுப்பவர் இன்னொருவர், கடனைச் சுமப்பவர் மூன்றாமவர். ‘இது அதிகம்’ என்று சொல்ல அந்த வட்டத்தில் ஆளே இல்லை.

ஊருக்கு ஊர் மாணவர்கள், எல்லையில்லாக் கடன். இரண்டும் சேர்ந்த இடத்தில் வியாபாரம் முளைத்தது. 2008-ல் தொடங்கிய 2யூ நிறுவனம் அதில் முன்னோடி. பல்கலைக்கழகத்துக்கு மென்பொருள், விளம்பரம், ஆள்சேர்ப்பு எல்லாவற்றையும் தானே செய்து தரும். கட்டணத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். கமிஷன் தடை என்னாயிற்று என்று கேட்கலாம். ஆள்சேர்ப்போடு மற்ற சேவைகளையும் சேர்த்து ஒரே பொட்டலமாகக் கொடுத்தால் வருமானத்தில் பங்கு வாங்கலாம் என்று 2011-ல் கல்வித் துறை ஒரு விளக்கக் கடிதம் எழுதியது. வேலியில் ஒரு சந்து கிடைத்தது.

2யூவின் முதல் கூட்டாளி தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகம். அங்கே இணையவழியில் நடத்திய எம்.எஸ்.டபிள்யூ. படிப்பு, அதாவது என் அக்கா மகள் படிக்க நினைக்கும் அதே பட்டம், ஒரு கட்டத்தில் 1,15,000 டாலர் விலைக்குப் போனது. கட்டணத்தில் ஏறக்குறைய 60 சதவீதம் 2யூவுக்கு. 2021-ல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் இதை விரிவாக எழுதியபோது நாடு அதிர்ந்தது. சமூகப்பணியாளர் சம்பளத்தில் அந்தக் கடனை எந்த ஜென்மத்தில் அடைப்பது? 2023-ல் பல்கலைக்கழகமும் நிறுவனமும் பெரும்பாலான படிப்புகளில் பிரிந்தன. 2024 ஜூலையில் 2யூ திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் போனது. பட்டம் வாங்கியவர்களின் கடன் எங்கும் போகவில்லை.

இணையத்தில் பாடம் நடத்தினால் கட்டடம் வேண்டாம், விடுதி வேண்டாம், விலை குறையும் என்று எல்லோரும் நம்பினோம். மிச்சமான பணம் விளம்பரத்துக்கும் ஆள்சேர்ப்புக்கும் போனது. நேர்வகுப்புக்கு என்ன கட்டணமோ அதே கட்டணத்தை இணையத்துக்கும் வைத்தார்கள். ஒரு விசாரணைப் படிவத்தை நிரப்பிப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் போன் வரும். அவ்வளவு அன்பாகப் பேசும் அந்தக் குரலுக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள் என்பதை அக்கா மகளிடம் அன்று இரவு நான் சொன்னேன். அவள் போனில் அப்படி ஒரு எண்ணிலிருந்து அந்த வாரம் மட்டும் 11 அழைப்புகள் இருந்தன.

அட்லாண்டாவில் ஒரு கணக்கு

இதற்கு நேர் எதிரான ஒன்றும் அதே காலத்தில் நடந்தது. 2013 மே மாதம் அட்லாண்டாவின் ஜார்ஜியா டெக், கணினி அறிவியலில் இணையவழி முதுகலை தொடங்கப்போவதாக அறிவித்தது. அப்போது கணினிக் கல்லூரியின் தலைவராக இருந்தவர் ஸ்வி கலில். யுடாசிட்டி என்ற இணையக் கல்வி நிறுவனம் கூடச் சேர்ந்தது, ஏ.டி.அண்ட்.டி. நிறுவனம் 20 லட்சம் டாலர் கொடுத்தது. 2014 ஜனவரியில் வகுப்பு தொடங்கியது. மொத்தப் பட்டத்துக்கும் 7,000 டாலர்தான். வளாகத்தில் படிப்பவருக்குக் கிடைக்கும் அதே பட்டம். பத்து ஆண்டுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் முடித்தார்கள். சென்னையில் உட்கார்ந்துகொண்டே அதைப் படிப்பவர்களும் உண்டு. அதை வைத்து மாணவர் விசா கிடைக்காது, அது வேறு விஷயம். பின்னர் டெக்சஸ் பல்கலைக்கழகம் ஆஸ்டினில் 10,000 டாலருக்கு அதே துறையில் ஒரு பட்டம் கொண்டுவந்தது.

சமூகப்பணியைக் கணினி அறிவியலோடு ஒப்பிட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நிரலைக் கணினியே திருத்திவிடும். தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரிடம் எப்படிப் பேசுவது என்பதை மனிதர்தான் கற்றுக்கொடுக்க வேண்டும். எம்.எஸ்.டபிள்யூ.வில் 900 மணி நேரக் களப்பயிற்சி கட்டாயம். அதைத் திரையில் செய்ய முடியாது, பெரும்பாலும் சம்பளமும் கிடையாது. ஆனால் 7,000-க்கும் 1,15,000-க்கும் நடுவிலுள்ள தூரத்தைக் கற்பித்தலின் செலவு மட்டும் விளக்கிவிடாது. அந்தத் தூரத்தின் பெரும்பகுதி கடன் எளிதாகக் கிடைத்ததால் வந்தது என்பதுதான் என் தீர்ப்பு.

இப்போது அந்தக் கடன் குழாயை மூடிவிட்டார்கள். 2025 ஜூலை 4-ம் தேதி டொனால்டு டிரம்ப் கையெழுத்திட்ட வரி, செலவினச் சட்டத்தின்படி 2026 ஜூலை 1 முதல் புதியவர்களுக்கு கிராட் பிளஸ் கிடையாது. திறந்து சரியாக இருபது ஆண்டு. முதுகலைக்கு ஆண்டுக்கு 20,500, மொத்தம் 1,00,000 டாலர். மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்பட்டங்களுக்கு ஆண்டுக்கு 50,000, மொத்தம் 2,00,000. எது தொழிற்பட்டம் என்பதில்தான் சண்டை. 2025 இறுதியில் கல்வித் துறை முன்வைத்த பட்டியலில் இறையியல் இருந்தது. செவிலியர் படிப்பும் சமூகப்பணியும் இல்லை. அதே படிப்புக்கு முன்பே கடன் வாங்கியவர்களுக்கு மட்டும் அதிகபட்சம் மூன்றாண்டு பழைய விதி தொடரும்.

விலை குறைய இது உதவலாம். சில பல்கலைக்கழகங்களாவது கட்டணத்தை மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டிவரும். ஆனாலும் இதை முழு மனதோடு வரவேற்க என்னால் முடியவில்லை. விலை ஏறியது மாணவரின் தவறால் இல்லை. குழாயை மூடும்போது தாகத்தோடு வரிசையில் நிற்பவர் அவர்தான். தனியார் கடனுக்கு நல்ல கடன் வரலாறு உள்ள ஜாமீன்தாரர் வேண்டும். அப்படியொரு அப்பா, அண்ணன், மாமா இருக்கிறவர் தப்பித்துக்கொள்வார். குடும்பத்தில் முதல் ஆளாகப் படிக்க வருகிறவளுக்கு யார் கையெழுத்துப் போடுவார்? வசதியில்லாதவர்களுக்கு கிராட் பிளஸ் ஒரு கதவாகவும் இருந்தது. அரசு விலைக்கு வரம்பு வைத்திருக்க வேண்டும். கடனுக்கு மட்டும் வைத்தது.

அக்காவின் கதை

ஜாமீன் என்று நான் சொன்னதும் அக்கா குழாயை மூடிவிட்டுத் திரும்பினாள்.

அவள் கோவையில் எம்.எஸ்சி. முடித்தவள். கணவரின் எச்-1பி வேலைக்காக, அவரைச் சார்ந்தவர்களுக்கான எச்-4 விசாவில், கைக்குழந்தையோடு இங்கே வந்தாள். படிக்கலாம் என்று கல்லூரிக்குப் போனபோதுதான் தெரிந்தது: எச்-4 காரர்களுக்கு மத்தியக் கடன் எதுவும் கிடையாது. ஃபாஃப்சாவில் தகுதி குடியுரிமை உள்ளவர்களுக்கும், கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும், வேறு சில பிரிவினருக்கும்தான். தனியார் கடனுக்கு அமெரிக்கர் ஒருவரின் ஜாமீன் கேட்டார்கள். வந்து இரண்டு மாதம் ஆனவளுக்கு எந்த அமெரிக்கரைத் தெரியும்? அந்தக் கல்லூரியின் விண்ணப்பக் கோப்பு இன்னும் அவள் அலமாரியில் இருக்கிறது, பிள்ளைகளின் தடுப்பூசி அட்டைகளோடு. டெக்சஸிலும் நியூஜெர்ஸியிலும் நம் பெண்கள் எத்தனையோ பேர் வீட்டில் இப்படி ஒரு கோப்பு இருக்கிறது.

கிரீன் கார்டு வரப் பத்து ஆண்டுக்கு மேல் ஆனது. மகளுக்கு 21 முடிவதற்குள் வந்ததால் அவளுக்கும் சேர்த்துக் கிடைத்தது. இரண்டு ஆண்டு தள்ளிப்போயிருந்தால் அவளும் மாணவர் விசா தேடி அலைந்திருப்பாள்.

"நீ கடன்ல மாட்டிக்கக் கூடாது கண்ணு. படிக்காமயும் இருந்துடக் கூடாது" என்றாள் அக்கா. அவள் கையில் இன்னும் சோப்பு நுரை.

உட்கார்ந்து மூவரும் கணக்குப் போட்டோம். முதலில் 66,000 டாலர் படிப்பு. மூன்றாண்டு மத்தியக் கடன் மட்டும் 41,000. முதுகலைக் கடனுக்கு 2025-26-ல் வட்டி 7.94 சதவீதம்; கொடுக்கும்போதே 1.057 சதவீதம் கட்டணமாகப் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். படித்து முடித்து ஆறு மாதச் சலுகைக் காலமும் போனபின், வட்டியோடு 49,000 டாலர் பக்கம் நிற்கும். புதிய விதிகளில் இந்த அளவு கடனுக்கு நிலையான தவணைக் காலம் 15 ஆண்டு. மாதம் சுமார் 465 டாலர். அவளுக்கு 45 வயது வரை. வருமானத்தைப் பொறுத்துக் கட்டும் இன்னொரு திட்டம் இருக்கிறது. அதில் மிச்சம் தள்ளுபடியாக 30 ஆண்டு ஆகும். லாபநோக்கில்லாத மருத்துவமனையில் முழுநேர வேலை என்றால் 120 தவணைக்குப் பின் மிச்சக் கடன் ரத்தாகும் பொதுச்சேவைத் திட்டமும் உண்டு. 2007-ல் வந்த அந்தத் திட்டத்தின் முதல் விண்ணப்பங்களில் ஏறக்குறைய 99 சதவீதம் நிராகரிக்கப்பட்டன. பிறகு நிலைமை நன்றாக மாறியது. இருந்தாலும் பத்தாண்டு கழித்து வரப்போகும் தள்ளுபடியை நம்பி இன்றைக்கு அதிக விலைக்கு ஒத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை.

"வேற எங்கயும் பார்த்தியா?"

பார்த்திருந்தாள். மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் இணையவழி எம்.எஸ்.டபிள்யூ. மூன்றாண்டு, மொத்தம் 24,000 டாலர். விளம்பரத்தில் வராததால் ‘நல்லா இருக்குமோ என்னவோ’ என்று ஓரமாக வைத்துவிட்டாள். நாங்கள் பார்த்தது இரண்டு விஷயம். சமூகப்பணிக் கல்விக் குழுவின் அங்கீகாரம் இருக்கிறதா? இருந்தது. அது இல்லாத பட்டத்தை வைத்துக்கொண்டு டெக்சஸில் முதுகலைச் சமூகப்பணி உரிமம் வாங்க முடியாது. அடுத்து, களப்பயிற்சிக்கு இடம் பார்த்துத் தருவது யார்? பல்கலைக்கழகமே. 66,000 டாலர் படிப்பில் அதை மாணவரே தேடிக்கொள்ள வேண்டும் என்று ஒரு அடிக்குறிப்பில் இருந்தது.

பிறகு மருத்துவமனை ஊழியர் கையேட்டைத் திறக்கச் சொன்னேன். நான்காண்டு வேலை செய்கிறாள், ஒருமுறைகூட அந்தப் பக்கத்தைப் பார்த்ததில்லை. ஊழியரின் படிப்புக்கு ஆண்டுக்கு 5,250 டாலர். முடித்தபின் இரண்டாண்டு அங்கேயே வேலை செய்ய வேண்டும். அந்த எண் எங்கிருந்து வந்தது என்றால், முதலாளி தரும் கல்வி உதவியில் அந்த அளவுக்கு வருமான வரி இல்லை என்று வரிச்சட்டம் சொல்கிறது. 1986-லிருந்து மாறாத எண். 2026-க்குப் பிறகுதான் விலைவாசியோடு ஏறப்போகிறது. பல நிறுவனங்கள் சரியாக அந்தத் தொகையையே கொடுக்கின்றன. ஜார்ஜியா டெக் படிப்பென்றால் இரண்டே ஆண்டில் இதிலேயே முடிந்துவிடும்.

மஞ்சள் நோட்டில் அவள் எழுதினாள். ஆண்டுக்கு 8,000. மருத்துவமனை தருவது 5,250. மிச்சம் 2,750. கையிலிருந்து கட்டும் கட்டணத்தில் 20 சதவீதத்தை வருமான வரியில் கழித்துக்கொள்ளும் வாழ்நாள் கல்விச் சலுகை இருக்கிறது. தனிநபர் வருமானம் 80,000 டாலருக்குள் இருந்தால் முழுமையாகக் கிடைக்கும். அதில் 550 திரும்பும். ஆக 2,200. மாதத்துக்கு 183 டாலர்.

பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கடனே வேண்டாமா சித்தி?"

அவ்வளவு சுலபமும் இல்லை. 900 மணி நேரக் களப்பயிற்சி வரும் ஆண்டில் வேலை நேரம் குறையும், சம்பளமும் குறையும். அப்போது மத்தியக் கடனில் நான்காயிரமோ ஐந்தாயிரமோ வாங்க வேண்டிவரலாம். அதற்காகத்தான் ஃபாஃப்சாவை ஆண்டுதோறும் போட்டு வைக்கச் சொன்னேன். பாதிநேரத்துக்குக் குறைவாகப் பாடம் எடுத்தால் அந்தக் கடனும் கிடைக்காது, பழைய இளங்கலைக் கடன் இருந்தால் படிப்பைக் காட்டி அதன் தவணையைத் தள்ளிப்போடவும் முடியாது என்பதை அவள் தனியாக அடிக்கோடிட்டு எழுதிக்கொண்டாள். தேவைக்கு நான்காயிரம் வாங்குவது வேறு, யாரோ வைத்த விலைக்காக நாற்பத்தோராயிரம் வாங்குவது வேறு.

மாநிலப் பல்கலைக்கழகத்தின் கடைசித் தேதிக்கு ஒன்பது நாள் இருந்தது. இளங்கலை மதிப்பெண் பட்டியல் கேட்டு அவள் மின்னஞ்சல் எழுதத் தொடங்கினாள்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் இப்போது அமெரிக்கக் குடிமகள். அடுத்த மாதம் 53 ஆகிறது.

"அந்த ஃபாரத்துல வயசு வரம்பு ஏதாச்சும் உண்டா?"

"இல்லக்கா."

"டீச்சிங்ல மாஸ்டர்ஸ் இதே யுனிவர்சிட்டில இருக்கான்னு பாரு கண்ணு. எவ்வளவுன்னு மட்டும் பாரு."

மகள் பாதி எழுதிய மின்னஞ்சலை அப்படியே விட்டுவிட்டு, இன்னொரு ஜன்னலைத் திறந்தாள்.